எழுத்தா, ஃபேஷன் மார்க்கெட்டிங்கா? கல்லூரி தேடும் வாசகர்களின் கேள்விகள்

கல்லூரித் தேர்வு பற்றி வந்த கடிதங்களில் எழுத்துத் துறையையும் ஃபேஷன் மார்க்கெட்டிங்கையும் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம்.

எனக்கு வரையவும் வராது, தைக்கவும் வராது. ஆனால் எந்த உடை ஏன் விற்கிறது, எது ஏன் கடையிலேயே கிடக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். டிசைன் தெரியாதவளை ஃபேஷன் மார்க்கெட்டிங்கில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். நீங்கள் கேட்டதுதான் அந்தப் படிப்பில் பாதி. மீதிப் பாதி கணக்கு. ராம்ப், போட்டோ ஷூட் என்று கனவு கண்டு வந்து, இரண்டாம் செமஸ்டரில் எக்செல் ஷீட்டைப் பார்த்து மிரள்கிறவர்கள் நிறைய. அதனால் சேர்வதற்கு முன்பே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கடைக்கு ஒரே டிசைனில் 200 சட்டைகள் வந்தன. ஸ்மால் 30, மீடியம் 70, லார்ஜ் 60, எக்ஸ்ட்ரா லார்ஜ் 40. எட்டு வாரத்தில் 130 விற்றிருக்கிறது. வந்ததில் விற்றது 65 சதவீதம்; இதற்குத் துறையில் ‘செல்-த்ரூ’ என்று பெயர். இது நல்ல விற்பனையா? சீசன் முடிய இன்னும் எட்டு வாரம் இருந்தால் நல்ல வேகம். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் மிச்சமுள்ள 70 சட்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இப்போது அந்த 70ஐ சைஸ் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்மால் 12, மீடியம் 8, லார்ஜ் 14, எக்ஸ்ட்ரா லார்ஜ் 36. மீடியம் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது, எக்ஸ்ட்ரா லார்ஜில் நாலே நாலுதான் போயிருக்கிறது. இந்த நிலையில் எல்லாச் சட்டைக்கும் 30 சதவீதம் தள்ளுபடி போடுவதுதான் அனுபவம் இல்லாதவர் செய்யும் முதல் வேலை. முழு விலைக்கே போயிருக்கக்கூடிய மீடியமும் லார்ஜும் விலை குறைந்து போகும்; எக்ஸ்ட்ரா லார்ஜ் அப்போதும் அசையாது. சரியான கேள்வி வேறு: அந்த சைஸை வாங்குகிறவர்கள் இந்தக் கிளைக்கு வருவதில்லையா, அல்லது அளவெடுப்பில் தோள் சரியில்லாமல் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்களா? முதலாவது என்றால் சட்டையை வேறு கிளைக்கு மாற்றினால் போதும். இரண்டாவது என்றால் தயாரித்தவரிடம் பேச வேண்டும்.

இதைப் படிக்கும்போது அடுத்து என்ன என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் இது உங்களுக்கான படிப்பு. சலிப்புத் தட்டியிருந்தால் ஃபேஷன் ஸ்டைலிங், ஃபேஷன் பத்திரிகைத் துறை போன்றவற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும்: தைக்கத் தெரிய வேண்டாம், துணி தெரியாமல் முடியாது. பின்னல் துணிக்கும் நெய்த துணிக்கும் உள்ள வித்தியாசம், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கனக் கணக்கு, எந்த இழை துவைத்தால் சுருங்கும் என்பது தெரியாதவரை சப்ளையர் ஐந்து நிமிடத்தில் ஏமாற்றிவிடுவார். டெக்ஸ்டைல்ஸ் பாடம் ஒன்றுகூட இல்லாத ஃபேஷன் மார்க்கெட்டிங் படிப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஃபேஷன் மேனேஜ்மென்ட், மெர்ச்சண்டைசிங், கம்யூனிகேஷன், மார்க்கெட்டிங். நான்கு கல்லூரி, நான்கு பெயர். எது எதற்கு?

பெயரை வைத்து முடிவு செய்யவே முடியாது. மெர்ச்சண்டைசர் என்ற ஒரு சொல்லையே பாருங்கள். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் மெர்ச்சண்டைசர் என்றால் பையரின் (ஆடையை வாங்கும் நிறுவனத்தின்) ஆர்டரை சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை விரட்டிக்கொண்டே போகிறவர்: நூல் வந்ததா, சாயம் ஒத்துப்போகிறதா, லேபிள் தேதிக்குள் கிடைக்குமா. சில்லறை விற்பனை நிறுவனத்தில் அதே பெயரில் இருப்பவர் எந்தப் பொருள், எத்தனை, எந்தக் கிளைக்கு, எப்போது என்று திட்டமிடுகிறவர். கடை முகப்பில் பொம்மைக்கு உடுத்தி அடுக்குகிறவர் விஷுவல் மெர்ச்சண்டைசர். வேலை மூன்று, படிப்பும் மூன்று.

கல்லூரிகளும் அப்படித்தான். நியூயார்க்கில் 1944இல் தொடங்கிய ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, கொள்முதலும் திட்டமிடலும் சேர்ந்த படிப்பை ‘ஃபேஷன் பிசினஸ் மேனேஜ்மென்ட்’ என்கிறது. 1986இல் தொடங்கிய இந்தியாவின் நிஃப்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) ‘ஃபேஷன் மேனேஜ்மென்ட்’ முதுநிலைப் படிப்பு. அங்கேயே ‘ஃபேஷன் கம்யூனிகேஷன்’ நான்காண்டு இளநிலை டிசைன் படிப்பு. லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஃபேஷன் கம்யூனிகேஷன் என்ற குடையின் கீழ் ஃபேஷன் பத்திரிகை எழுத்தும் வருகிறது.

ஆகவே பெயரை விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுங்கள். முதலாண்டு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதைப் பார்ப்பதில் பயனில்லை. ரீடெயில் கணக்கு, சரக்குத் திட்டமிடல், நுகர்வோர் ஆய்வு, டிஜிட்டல் அனலிட்டிக்ஸ் ஆகியவை தனித்தனிப் பாடங்களாக இருந்தால் அது மார்க்கெட்டிங் படிப்பு. இவை நான்கும் ஒரே பாடத்தின் நான்கு அலகுகளாகச் சுருங்கி, மீதி இடத்தை ‘ஈவென்ட்’ நிரப்பினால், கல்லூரி விழாவுக்கு நாற்காலி போடத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

எழுத்தாளராக வேண்டும். எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி?

எழுத்து என்று ஒரே வேலை கிடையாது. செய்தி எழுதுவது, விளம்பர வாசகம் எழுதுவது, ஒரு கருவியை எப்படி இயக்குவது என்று விளக்குவது, கதை எழுதுவது, பிறர் எழுதியதைச் செப்பனிடுவது எல்லாமே எழுத்துதான். ஒன்றில் தேர்ந்தவர் இன்னொன்றில் தடுமாறுவது சகஜம்.

செய்தி எழுத வேண்டும் என்றால் மாணவர் பத்திரிகை தவறாமல் வெளிவரும் கல்லூரியாகப் பாருங்கள். அதன் கடைசி ஆறு இதழ்களை வாங்கிப் படியுங்கள். கல்லூரி நிர்வாகத்தைச் சங்கடப்படுத்தும் ஒரு செய்திகூட ஆறிலும் இல்லை என்றால் அங்கே செய்தியாளர் உருவாக மாட்டார். விளம்பர எழுத்துக்கு, வாடிக்கையாளரின் பிரீஃப் (என்ன வேண்டும் என்ற குறிப்பு) கொடுத்து இரண்டு நாளில் எழுதி வாங்குகிற வகுப்பு இருக்க வேண்டும். கருவிகளை விளக்கும் டெக்னிக்கல் ரைட்டிங்குக்கு ஒரு சோதனை போதும்: மாணவர் எழுதிய செய்முறையை அந்தக் கருவியையே பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே திணறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வைக்கிறார்களா? எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன், பிரதியின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் போன்ற கருவிகளையும் அந்தப் படிப்பு தொட்டுச் செல்ல வேண்டும்.

கதைக்கும் கவிதைக்கும் வருவோம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1936இல் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கியது. பிரிட்டனில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970இல் முதுகலைப் படிப்பாகவே கொண்டுவந்தது. கதை எழுதப் பட்டம் எதற்கு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எங்கள் கணிப்பில், பட்டத்தைப் பார்த்து எந்தப் பதிப்பாசிரியரும் கதையை ஏற்பதில்லை. கல்லூரி தருவது கெடுவும், உங்கள் பிரதியை வரிவரியாகப் படிக்கும் பத்துப் பேரும். அந்த இரண்டும் கிடைக்கிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

பட்டறை வகுப்பு நடக்கும் விதம் பெரும்பாலும் இதுதான்: ஒருவரின் கதை ஒரு வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போய்விடும். ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டு வருவார்கள். வகுப்பில் அதைப் பற்றிப் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வாரம் இரண்டு கதை, 15 வாரம் என்றால் 30 இடம். வகுப்பில் 10 பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று முறை. 25 பேர் இருந்தால் ஒரே ஒரு முறை. கல்லூரி எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் இந்த வகுத்தல் மாறாது. எனவே ‘பட்டறை வகுப்பில் எத்தனை பேர்’ என்று எழுதிக் கேளுங்கள்.

முடிந்தால் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்குங்கள். ‘எனக்குப் பிடித்தது’, ‘எனக்கு ஒட்டவில்லை’ என்றே பேச்சு சுற்றினால் அங்கே அதிகம் கிடைக்காது. ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் நின்று, ‘கதையைச் சொல்கிறவன் இந்த நேரத்தில் வாசலில் நிற்கிறான், உள்ளறையில் அவள் அழுதது அவனுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டால் அது நல்ல வகுப்பு. திருத்தி எழுதிய பிரதிக்கும் மதிப்பெண் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் யாரும் திருத்த மாட்டார்கள். பட்டறையில் ஒரு நோயும் உண்டு: பத்துப் பேரையும் திருப்திப்படுத்தப் போய், கடைசியில் பத்துப் பேரும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கிவிடுவது. அதை முறிக்க ஆசிரியர் நிறைய படிக்க வைக்க வேண்டும். வாசிப்புப் பட்டியல் இல்லாத பட்டறையைத் தவிர்க்கலாம்.

‘எங்கள் மாணவர்களில் 92 சதவீதம் பேருக்கு வேலை’ என்று கையேட்டில் இருக்கிறது. நம்பலாமா?

எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது எதன் சதவீதம் என்பதில்தான் சூட்சுமம். ஒரு கற்பனைக் கணக்கு: படித்து முடித்தவர்கள் 60 பேர். கல்லூரி அனுப்பிய படிவத்தை நிரப்பி அனுப்பியவர்கள் 25. அதில் 23 பேர் ‘வேலையில் இருக்கிறேன் அல்லது மேலே படிக்கிறேன்’ என்று குறித்திருக்கிறார்கள். 25இல் 23 என்றால் 92 சதவீதம்தானே! அந்த 23இல் 6 பேர் மேற்படிப்பு, 5 பேர் படிப்புக்குச் சம்பந்தமில்லாத பகுதி நேர வேலை. துறையில் வேலை கிடைத்தவர்கள் 12. மொத்தம் 60க்கு 12 என்றால் 20 சதவீதம். பதில் அனுப்பாத 35 பேரில் சிலருக்கும் வேலை கிடைத்திருக்கலாம், ஆனால் அது கல்லூரிக்கே தெரியாது.

எனவே மூன்று எண்களைக் கேளுங்கள்: முடித்தவர்கள் எத்தனை பேர், பதில் தந்தவர்கள் எத்தனை பேர், துறையிலேயே முழு நேர வேலையில் எத்தனை பேர். தரத் தயங்கினால் நீங்களே லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயரையும் முடித்த ஆண்டையும் போட்டுத் தேடலாம். இரண்டு மூன்று வருடம் முன்பு முடித்த 20 பேரைப் பார்த்து, அவர்களின் முதல் வேலை என்ன, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. அங்கே பக்கம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள் என்பதால் படம் சற்றுப் பளபளப்பாகத்தான் தெரியும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு எழுத்தும் பிடிக்கும், ஃபேஷனும் பிடிக்கும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். நான் சொல்வது சரியா?

அவசரப்பட வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன் 1956இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் முடித்தார். வோக் என்ற ஃபேஷன் இதழ் நடத்திய கட்டுரைப் போட்டியில் வென்று அங்கேயே வேலையில் சேர்ந்தார். விளம்பர வாசகம் எழுதித்தான் தொடங்கினார். இரண்டும் சந்திக்கும் வேலைகள் இன்று அதைவிட அதிகம்: பிராண்டின் இணையதளத்துக்குப் பொருள் விவரம், மின்னஞ்சல், படக்குறிப்பு எழுதுவது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று மகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்துப் பாருங்கள். வீட்டில் இருக்கும் ஒரு சட்டையை 40 வார்த்தைகளில் விவரிக்கச் சொல்லுங்கள். ‘நேர்த்தியான, வசதியான, எல்லாத் தருணங்களுக்கும் ஏற்ற சட்டை’ என்று எழுதினால், அது உலகத்தில் எந்தச் சட்டைக்கும் பொருந்தும். ‘தோள் தையல் ஒரு விரற்கடை முன்னால் இறங்கியிருக்கிறது; பை மாட்டினால் வார் தையலின் மேல் உட்காராது’ என்று எழுதினால், அவள் துணியையும் பார்த்திருக்கிறாள், அதைப் போடப்போகும் ஆளையும் பார்த்திருக்கிறாள்.

கல்லூரி விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அமெரிக்க முறையில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு). ஒரு பாடம் 3 கிரெடிட் என்றால் 40 பாடம். அதில் முதன்மைப் பாடம் போக இடம் இருக்கும். 18 கிரெடிட்டில், அதாவது ஆறு பாடங்களில், எழுத்தைத் துணைப்பாடமாக எடுத்துவிடலாம். பிரிட்டனின் பெரும்பகுதியிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் பட்டம் மூன்றாண்டு. முதல் நாளிலிருந்தே ஒரே துறை, வெளிப்பாடத்துக்கு இடம் மிகக் குறைவு. அங்கே போவதானால் ஃபேஷன் ஜர்னலிசம் போல இரண்டும் கலந்த படிப்பையே தேட வேண்டும். இரட்டைப் பட்டம் வேண்டாம். பெரும்பாலும் ஒரு ஆண்டு கூடுதலாகிறது, இன்டர்ன்ஷிப்புக்கு நேரமும் இல்லாமல் போகிறது.

விண்ணப்பத்துடன் அனுப்பும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

எழுத்துக்கு மூன்று முதல் ஐந்து படைப்புகள். சிறந்தது முதலில், அதற்கடுத்த சிறந்தது கடைசியில். பாதி நன்றாக இருக்கும் ஆறாவதைச் சேர்த்தால் மற்ற ஐந்தின் மதிப்பும் இறங்கும். கல்லூரி சொன்ன பக்க அளவை ஒரு பக்கம்கூடத் தாண்டாதீர்கள். அளவுக்குள் நிற்கத் தெரியாதவர் என்ற எண்ணம் படிக்கும் முன்பே விழுந்துவிடும்.

ஃபேஷன் மார்க்கெட்டிங்குக்கு மூட் போர்டுகளை (படம், நிறம், துணி மாதிரிகளை ஒட்டிய பலகைகளை) அடுக்க வேண்டாம், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். சிறியதாக இருந்தாலும் உண்மையாகச் செய்த ஒன்றை அனுப்புங்கள். தோழி செய்யும் காதணிகளுக்கு நீங்கள் போட்ட பதிவை 1,200 பேர் பார்த்தார்கள், 36 பேர் லிங்க்கைத் தொட்டார்கள், 2 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 3 சதவீதம் தொட்டார்கள், ஆனால் தொட்டவர்களில் 34 பேர் வாங்காமல் திரும்பினார்கள். ஏன்? அளவு தெரியும்படி காதில் போட்ட படம் இல்லை என்று கண்டுபிடித்து, படத்தை மாற்றி, மறுபடி என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதினால், அது பத்து மூட் போர்டுக்குச் சமம். தோற்ற முயற்சியாக இருந்தாலும் காரணம் சரியாகச் சொன்னால் எடுபடும்.

அனுப்பும் முன் ஒன்று: கூகுள் டிரைவ் லிங்க்கை வேறொரு கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். ‘அனுமதி கேட்கவும்’ என்று வந்து, பார்க்கப்படாமலே ஒதுக்கப்படும் விண்ணப்பங்கள் கொஞ்சமல்ல.

கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுநிலைப் பட்டம்) படிக்கலாமா?

கதை, கவிதை எழுதுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தப் பட்டம் கடனை அடைக்கும் சம்பளத்தைத் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அமெரிக்காவில் கட்டணமும் தள்ளுபடி, உதவித்தொகையும் உண்டு என்ற வகையில் சில இடங்கள் உள்ளன. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மிச்சனர் எழுத்தாளர் மையம் அதில் ஒன்று, மூன்றாண்டு. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆனால் விண்ணப்பிக்கத் தகுந்தவை அவைதான். உதவித்தொகை முதலாண்டுக்கு மட்டுமா, ஆண்டுதோறும் எத்தனை மதிப்பெண் எடுத்தால் தொடரும் என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் தேடிப் படியுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது: கல்லூரி நீங்கள் முடிக்கும்வரை இருக்குமா? அவ்வப்போது மட்டும் நேரில் போய், மற்ற நேரம் வீட்டிலிருந்தே எழுதும் எம்.எஃப்.ஏ. முறைக்கு முன்னோடியான, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலக் காடர்ட் கல்லூரியே 2024இல் மூடப்பட்டது. மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு சரிகிறதா என்று பார்ப்பது அவநம்பிக்கை அல்ல.

எழுத்து வேலையை ஏஐ செய்துவிடும் என்கிறார்களே, இனி படிக்கலாமா?

எந்தச் சட்டைக்கும் பொருந்தும் விவரத்தை ஏஐ எழுதும். கடையில் நின்று தோள் தையலைக் கவனிக்க, தயங்குகிறவரைப் பேச வைக்க, தவறான தகவலைப் பிடிக்க ஆள் வேண்டும். நேர்காணல், உண்மை சரிபார்ப்பு, செப்பனிடல் மூன்றும் கட்டாயப் பாடமாக உள்ள கல்லூரியாகப் பாருங்கள்.

மதிப்பெண் குறைவு. விரும்பிய கல்லூரி கிடைக்காது. ஓராண்டு காத்திருக்கலாமா?

காத்திருக்காமல் வேறிடத்தில் சேர்ந்து, பிறகு மாறுவது பல நாடுகளில் சாத்தியம். ஆனால் எந்தப் பாடத்தின் கிரெடிட் செல்லும் என்பதை மாறப்போகும் கல்லூரியிடம் கேளுங்கள். இப்போது இருக்கும் கல்லூரி சொல்வது செல்லாது.

இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்ட இரண்டு வாரம்தான். கடைசியாக எதைப் பார்ப்பது?

முதல் வேலை, அங்கீகாரம். கல்லூரிச் சுவரில் உள்ள பலகையை நம்பாமல், அந்த நாட்டின் அங்கீகார அமைப்பு வெளியிடும் பட்டியலில் கல்லூரியும் இருக்கிறதா, உங்கள் படிப்பும் இருக்கிறதா என்று தேடுங்கள். கல்லூரி இருந்து, புதிதாகத் தொடங்கிய படிப்பு மட்டும் இல்லாமல் போவதுண்டு.

இரண்டாவது, இன்டர்ன்ஷிப். கட்டாயமா, எத்தனை வாரம், கல்லூரியே இடம் தேடித் தருமா, ஊதியம் உண்டா? ‘உதவி செய்வோம்’ என்பதற்கும் ‘ஏற்பாடு செய்வோம்’ என்பதற்கும் நிறைய தூரம். போன ஆண்டு மாணவர்கள் எங்கெல்லாம் போனார்கள் என்ற பட்டியலைக் கேட்டாலே விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, உங்களுக்கு எடுக்கப்போகும் ஆசிரியர்கள். இணையதளத்தில் படம் இருப்பவர் முதலாண்டுக்கு வகுப்பெடுக்கிறாரா, வருடத்துக்கு ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகிறாரா? இப்போது படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். கல்லூரி அனுப்பும் ‘மாணவர் தூதர்’ வேண்டாம்; நீங்களாகத் தேடிப் பிடித்தவராக இருக்கட்டும்.

நான்காவது, மாணவர் படைப்பின் உரிமை. வகுப்பில் எழுதிய கதையும் நிறுவனத்துக்காகச் செய்த பிரச்சாரமும் யாருக்குச் சொந்தம் என்று சேர்க்கை ஒப்பந்தத்தில் இருக்கும். உங்களுடைய போர்ட்ஃபோலியோவில் காட்டவே அனுமதி இல்லாத வகையில் சில ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன.

இவை சரியாக இருந்தால் பணம் கட்டலாம். அதற்கு முன், சேராமல் விட்டால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.